நீதிபதியின் ‘வேண்டாம்’: பீகாரில் சுவர், குஜராத்தில் காகிதம்

2022 ஆகஸ்ட் 15 அன்று கோத்ரா கிளைச் சிறையிலிருந்து வெளிவந்த பதினொரு ஆயுள் கைதிகளுக்கு வாசலிலேயே இனிப்பு ஊட்டப்பட்டது. பிறகு மாலையும் விழுந்தது. 2002 மார்ச் 3 அன்று ஐந்து மாதக் கர்ப்பிணியாயிருந்த பில்கிஸ் பானுவைக் கூட்டு வல்லுறவுக்கு உள்ளாக்கியதற்கும், அவருடைய மூன்று வயது மகள் உள்ளிட்ட குடும்பத்தினரைக் கொன்றதற்கும் தண்டிக்கப்பட்டவர்கள் அவர்கள். அந்த இனிப்பும் மாலையும் பலருக்கு நினைவிருக்கும். அதிகம் பேசப்படாதது ஒரு கடிதம். அவர்களுக்குத் தண்டனை விதித்த மும்பைச் சிறப்பு நீதிமன்றத்தின் நீதிபதியிடம் கருத்துக் கேட்கப்பட்டது. விடுவிக்கக் கூடாது என்று அவர் எழுதினார். வழக்கை நடத்திய மத்தியப் புலனாய்வுத் துறையும் அதையே எழுதியது. இரண்டும் கோப்பில் சேர்க்கப்பட்டன; கதவு திறந்தது.

ஓராண்டு கழித்து, 2023 ஆகஸ்ட் 25 அன்று உச்ச நீதிமன்றம் பீகாரைச் சேர்ந்த ஓர் ஆயுள் கைதியின் மனுவில் தீர்ப்பளித்தது. கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டவர் அவர். இறந்தவர்களில் காவலர்களும் இருந்தனர். 24 ஆண்டுகள் உள்ளே இருந்துவிட்டார். அதற்கிடையில் ஒரு நாள் தண்டனைக் குறைப்பும் இல்லை, ஒரு நாள் பரோலும் இல்லை. முன்விடுதலை கேட்டபோது தண்டனைக் குறைப்பு வாரியம் மறுத்தது. காரணம், தண்டனை விதித்த நீதிமன்றத்தின் இன்றைய நீதிபதி ‘வேண்டாம்’ என்று எழுதியிருந்தார். வாரியத்துக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

நீதிபதியின் கருத்தைக் கேட்கச் சொல்லும் சட்டப் பிரிவு இரு மாநிலங்களுக்கும் ஒன்றேதான்: குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 432ஆம் பிரிவு. இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 473ஆம் பிரிவு. நீதிபதியின் ‘வேண்டாம்’ ஓர் ஊரில் சுவராகவும் மற்றோர் ஊரில் வெறும் காகிதமாகவும் இருந்ததற்கு என்ன காரணம் என்று எந்த அரசும் எழுதி வைக்கவில்லை. அந்த எழுதாமைதான் இங்கு வழக்கில் நிறுத்தப்பட வேண்டியது.

சில சொற்களை முதலில் பிரித்துக்கொள்வது நல்லது. செய்தித்தாள்கள் எல்லாவற்றையும் ‘பரோல்’ என்றே எழுதிவிடுகின்றன. பரோல் என்பது தாயின் மரணம், மகளின் திருமணம் போன்ற காரணங்களுக்காகக் கைதி சில நாள் வெளியே சென்று திரும்புவது. ஃபர்லோ என்பது குறிப்பிட்ட காரணம் எதுவுமின்றி, நீண்ட சிறைவாசத்தின் சலிப்பைத் தணிக்க அவ்வப்போது தரப்படும் விடுப்பு. முன்விடுதலை என்பது மீதித் தண்டனையை அரசு குறைத்து நிரந்தரமாக அனுப்பிவிடுவது. பிரிட்டனில் இருப்பதைப் போன்ற தனித்த பரோல் வாரியம் இந்தியாவில் கிடையாது. இங்கே அதிகாரம் மாநில அரசினுடையது. வாரியமும் ஆலோசனைக் குழுவும் பரிந்துரை மட்டுமே செய்கின்றன. ஆயுள் தண்டனை என்றால் சட்டப்படி ஆயுள் முழுவதும்தான். 14 ஆண்டு என்ற பேச்சு 1978இல் சேர்க்கப்பட்ட 433அ பிரிவிலிருந்து வந்தது: மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றவர் 14 ஆண்டு முடியுமுன் வெளிவரக் கூடாது என்பதே அதன் பொருள். 14 முடிந்ததும் விட்டுவிட வேண்டும் என்று அது சொல்லவில்லை. கைதிக்கு விடுதலை உரிமையாகாது. விடுதலைக்குப் பரிசீலிக்கப்படுவது உரிமை. பரிசீலனை என்ற பெயரில் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம்.

கோப்பு சிறைக் கண்காணிப்பாளரிடம் தொடங்குகிறது. கைதியின் நடத்தை, செய்த வேலை, பெற்ற தண்டனைகள், பரோலில் சென்று ஒழுங்காகத் திரும்பினாரா என்பதெல்லாம் அங்கே பதிவாகியிருக்கும். மனிதரை நாள்தோறும் பார்த்தவர்களின் அறிக்கை அது ஒன்றுதான். பிறகு கோப்பு ஊர்க் காவல் நிலையத்துக்குப் போகிறது. அங்குள்ள ஆய்வாளர் அந்தக் கைதியைப் பார்த்தே இருக்கமாட்டார். குற்றம் நடந்தபோது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருக்கலாம். ‘விடுவித்தால் சட்டம் ஒழுங்கு பாதிக்கப்படும்’ என்ற ஒரு வரி அங்கிருந்து வரும். எழுதுகிறவருக்கு அந்த வரியால் ஒருநாளும் ஆபத்து வராது. ‘விடலாம்’ என்று எழுதினால்தான் ஆபத்து. விட்ட மனிதர் நாளை ஏதேனும் செய்தால் கேள்வி எழுதியவரை நோக்கித் திரும்பும். விடாமல் வைத்திருந்த ஒருவர் சிறையிலேயே இறந்துபோனால் எந்த ஆய்வாளரையும் யாரும் விளக்கம் கேட்பதில்லை. இந்த அமைப்பு முழுவதும் அந்த ஒருபக்கச் சாய்வின் மீதுதான் நிற்கிறது.

நன்னடத்தை அலுவலர் கைதியின் வீட்டுக்குச் செல்ல வேண்டும். நீதிபதியின் கருத்து வர வேண்டும். தீர்ப்பளித்த நீதிபதி ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். அந்த நாற்காலியில் இன்று அமர்ந்திருப்பவர் பழைய தீர்ப்பை எடுத்துப் படிப்பார். அதில் இருப்பது குற்றம். குற்றம் எப்போதும் கொடூரமாகவே இருக்கும். இல்லாவிட்டால் ஆயுள் தண்டனை வந்திருக்காது. பீகார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சுட்டிக்காட்டியது. நீதிபதியிடம் இருப்பது குற்ற நாள் வரையிலான பதிவு; அதற்குப் பிறகு அந்த மனிதர் என்ன ஆனார் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை; ஆகவே அவருடைய கருத்தை இயந்திரம்போல ஏற்று மறுக்கக் கூடாது என்றது.

கேட்கப்பட வேண்டிய கேள்விகள் புதியவை அல்ல. 2000இல் லட்சுமண் நஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றமே ஐந்தைக் குறிப்பிட்டது. குற்றம் சமூகத்தைப் பரவலாகப் பாதிக்காத தனிமனிதச் செயலா, மீண்டும் நிகழ வாய்ப்புண்டா, குற்றம் செய்யும் ஆற்றலைக் கைதி இழந்துவிட்டாரா, இனியும் அடைத்து வைப்பதால் ஏதேனும் பயன் உண்டா, குடும்பத்தின் சமூகப் பொருளாதார நிலை என்ன? நான்காவது கேள்விதான் சிறையின் மீதே வைக்கப்படும் கேள்வி. அதற்கு விடை எழுத வேண்டுமானால் அந்த மனிதரிடம் பேசியிருக்க வேண்டும். ஐந்தாவது கேள்வியோ இருபுறமும் கூர்மையானது. குடும்பம் வறுமையில் இருக்கிறது, உழைப்பவர் தேவை என்று அதைப் படிக்கலாம். திரும்பிச் சென்றால் தாங்கிக்கொள்ள ஆளில்லை என்றும் படிக்கலாம். யாருடைய கோப்பு எப்படிப் படிக்கப்படுகிறது என்பது படிப்பவரின் கையில் இருக்கிறது.

படிப்பவர்கள் யார்? தேசிய மனித உரிமை ஆணையத்தின் வழிகாட்டுதல் உள்துறைச் செயலர், சட்டச் செயலர், மாவட்ட நீதிபதி, நன்னடத்தை அலுவலர், காவல் உயரதிகாரி, சிறைத்துறைத் தலைவர் ஆகியோரைச் சொல்கிறது. இவர்களுள் மனித மனத்தைப் படிக்கப் பயின்ற ஒருவரும் இல்லை. கோத்ராவிலோ சிறை ஆலோசனைக் குழுவில் ஆளுங்கட்சியின் சட்டமன்ற உறுப்பினர் இருவர் இருந்தனர். அவர்களுள் ஒருவரான சி.கே. ராவுல்ஜி, விடுவிக்கப்பட்டவர்களில் சிலர் பிராமணர்கள், நல்ல சம்ஸ்காரம் உள்ளவர்கள் என்று பின்னர் பேட்டியில் சொன்னார். உத்தரவில் எழுதப்படாத காரணம் ஒலிவாங்கியின் முன் தானாக வெளிவந்தது. ஒருவகையில் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். மற்ற மாநிலங்களில் அந்த அளவு வெளிப்படையும் இல்லை.

பீகாருக்குத் திரும்பினால் படம் இன்னும் தெளிவாகும். 1994 டிசம்பரில் கோபால்கஞ்ச் மாவட்ட ஆட்சியர் ஜி. கிருஷ்ணையா கும்பலால் கொல்லப்பட்டார். தெலங்கானாவின் மகபூப்நகர் பகுதியில் எளிய தலித் குடும்பத்தில் பிறந்து ஆட்சிப் பணிக்கு வந்தவர். அந்தக் கொலைக்குத் தூண்டுதலாயிருந்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனந்த் மோகன் சிங். பணியிலுள்ள அரசு ஊழியரைக் கொன்றவருக்கு முன்விடுதலை இல்லை என்று பீகார்ச் சிறைக் கையேட்டின் 481ஆம் விதி சொல்லிக்கொண்டிருந்தது. 2023 ஏப்ரல் 10 அன்று அந்தச் சில சொற்கள் மட்டும் நீக்கப்பட்டன. ஏப்ரல் 27 அன்று அவர் வெளியே வந்தார். விதி தவறு என்றால் அதை மாற்றலாம். அரசு ஊழியரின் உயிருக்கு மட்டும் தனி எடை எதற்கு என்ற வாதத்தில் நியாயமும் உண்டு. ஆனால் அதே ஏப்ரலில், அதே மாநிலத்தில், நீண்ட ஆண்டுகள் கடந்தும் ஒரு நாள் கூட வெளியே செல்லாத மனிதர் சிறைக்குள்ளேயே இருந்தார். அவருக்காக எந்தச் சொல்லும் எந்த விதியிலிருந்தும் உதிரவில்லை.

இந்த இடத்தில் முற்போக்கு முகாமோடும் வாதிட்டாக வேண்டும். கோத்ரா விடுதலைக்குப் பின் எழுந்த சினம் நியாயமானது. ஆனால் அந்தச் சினத்திலிருந்து பலர் வந்தடைந்த முடிவு, ‘இத்தகைய குற்றங்களுக்கு முன்விடுதலையே கூடாது’ என்பது. கேட்பதற்கு நீதியாகத் தோன்றும் இந்தக் கோரிக்கையின் விலையைக் கொடுப்பவர் யார்? 2022இல் கேரள அரசு பெண்களையும் குழந்தைகளையும் கொன்றவர்களை ஒட்டுமொத்தமாக முன்விடுதலையிலிருந்து விலக்கியது. அங்கே 26 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்த முதியவர் ஒருவர் இருந்தார். ஆலோசனை வாரியம் விடுவிக்கப் பரிந்துரைத்திருந்தும் அரசு மறுத்தது. 2023 செப்டம்பரில் நீதிபதிகள் ரவீந்திர பட், தீபாங்கர் தத்தா அமர்வு அவரை உடனே விடுவிக்க உத்தரவிட்டது. அடைக்கப்பட்ட நாளில் செய்த குற்றத்தை மட்டுமே கொண்டு ஒருவரை வகைப்படுத்திப் பூட்டிவிடுவது, மாறுவதற்கான அவருடைய முயற்சி அனைத்தையும் பொருளற்றதாக்குகிறது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். வகைப்படுத்தி மூடும் விதி செல்வாக்குள்ளவரைத் தடுப்பதில்லை. அவருக்காக விதி ஓர் ஏப்ரல் மாதத்தில் திருத்தப்படும். மூடிய கதவுக்குப் பின்னே மிஞ்சுவது யாருக்கும் பேட்டி கொடுக்காத, யாரும் மாலை வாங்கி வைக்காத மனிதர்கள்.

ஹரியானாவின் கதையையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். வல்லுறவுக் குற்றத்துக்காக 2017இல் 20 ஆண்டு தண்டனை பெற்ற குர்மீத் ராம் ரஹீம் சிங் 2022 பிப்ரவரி 7 அன்று 21 நாள் ஃபர்லோவில் வந்தார். பஞ்சாபில் வாக்குப்பதிவு அம்மாதம் 20. 2024 அக்டோபர் தொடக்கத்தில் 20 நாள் பரோல். ஹரியானாவில் வாக்குப்பதிவு அக்டோபர் 5. 2025 ஜனவரி 28 அன்று 30 நாள். டெல்லியில் வாக்குப்பதிவு பிப்ரவரி 5. ஹரியானா அரசு, 2022ஆம் ஆண்டின் சட்டம் எல்லாக் கைதிகளுக்கும் பொதுவானது என்கிறது. சட்டத்தைப் படித்தால் அது உண்மைதான். ஆண்டுக்குப் பத்து வாரம் வரை பரோல் தர அது இடம் தருகிறது. நல்ல சட்டம் என்றுகூடச் சொல்லலாம். 2024 பிப்ரவரியில் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் கேட்டது வேறு: இத்தகைய வழக்குகளில் தண்டிக்கப்பட்ட வேறு எத்தனை பேருக்கு இப்படித் தந்திருக்கிறீர்கள்? ஹரியானாவில் மட்டுமன்றி எல்லா மாநிலங்களிலும், ஆண்டுதோறும், கேட்காமலே வெளியிடப்பட வேண்டிய எண்ணிக்கை அது.

அந்த நாட்காட்டியின் அருகே வேறொன்றை வைக்கலாம். உடலில் 90 விழுக்காடு ஊனமுற்று, சக்கர நாற்காலியில் நாக்பூர்ச் சிறையில் இருந்த பேராசிரியர் ஜி.என். சாய்பாபா, புற்றுநோயில் இறந்துகொண்டிருந்த தாயைப் பார்க்க 2020இல் பரோல் கேட்டார். கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 1 அன்று தாய் இறந்தார். இறுதிச் சடங்குக்கும் அனுமதி இல்லை. 2022 அக்டோபர் 14 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. மறுநாள் சனிக்கிழமை, உச்ச நீதிமன்றம் சிறப்பு அமர்வாகக் கூடி அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. வீட்டுக்காவலிலாவது வையுங்கள் என்று அவருடைய வழக்கறிஞர் கேட்டார். நகர்ப்புற நக்சல்கள் வீட்டுக்காவல் கேட்பது வழக்கமாகிவிட்டது என்ற வகையில் அரசுத் தரப்பு எதிர்த்தது, கோரிக்கை மறுக்கப்பட்டது. 2024 மார்ச் 5 அன்று உயர் நீதிமன்றம் இரண்டாம் முறையாக அவரை விடுதலை செய்தது. ஏழு மாதம் வெளியே வாழ்ந்தார்.

வீட்டுக்காவல் என்பதற்கு இந்தியச் சட்டத்தில் தனி இடமில்லை. 2021 மே மாதம் கௌதம் நவலகா வழக்கில் நீதிபதிகள் லலித், கே.எம். ஜோசஃப் அமர்வு, விசாரணைக் கட்டத்தில் வயது, உடல்நிலை, கடந்த கால நடத்தை போன்றவற்றைப் பார்த்து நீதிமன்றங்கள் தக்க வழக்குகளில் வீட்டுக்காவலுக்கு உத்தரவிடலாம் என்றது. தண்டனை பெற்றவர்களுக்கு அது பொருந்துமா என்பதை நாடாளுமன்றம் யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டது. நாடாளுமன்றம் பின்னர் குற்றவியல் சட்டங்கள் மூன்றையும் புதிதாக எழுதியது. இதைப் பற்றி எழுதவில்லை. 2022 நவம்பரில் நவலகாவுக்கு வீட்டுக்காவல் கிடைத்தது. கண்காணிப்புச் செலவுக்கென முன்பணமாக 2.4 லட்சம் ரூபாய் அவரே கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. 2024இல் தேசியப் புலனாய்வு முகமை நீட்டிய கணக்கு ஏறத்தாழ 1.64 கோடி. அவ்வாண்டு மே 14 அன்று ஜாமீன் உறுதியானபோது 20 லட்சம் கட்டச் சொன்னது உச்ச நீதிமன்றம். ஒருவரைச் சிறையில் காப்பதற்கு அரசு அவரிடம் விலைப்பட்டியல் அனுப்புவதில்லை. வீட்டில் காப்பதற்கு மட்டும் அனுப்புகிறது. 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். அவர்களில் எத்தனை பேரால் அந்த விலைப்பட்டியலைத் திறந்து பார்க்கவாவது முடியும்?

கருணைக்குக் காரணம் கேட்கலாமா என்று ஒரு மறுப்பு எழும். தண்டனைக் குறைப்பு அரசின் தயவு, தயவை நியாயப்படுத்தச் சொன்னால் அது தயவாக இருக்காது, அதிகாரிகள் அஞ்சி எல்லாவற்றையும் மறுப்பார்கள் என்ற வாதம் அது. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. அதிகாரிகள் அஞ்சுவது உண்மை. ஆனால் அவர்கள் இன்றே அஞ்சிக்கொண்டுதான் இருக்கிறார்கள். காரணம் எழுத வேண்டிய நிலை வந்தால் ‘விடலாம்’ என்பவருக்குத்தான் பாதுகாப்பு: இன்னின்னதைப் பார்த்தேன், ஆகவே பரிந்துரைத்தேன் என்று காட்ட அவரிடம் தாள் இருக்கும்.

இங்கிலாந்தில் இந்தச் சோதனை நடந்தது. பெண்கள் பலரைத் தாக்கிய டாக்சி ஓட்டுநர் ஜான் வார்பாய்ஸை விடுவிக்கப் பரோல் வாரியம் முடிவு செய்திருப்பது 2018 ஜனவரியில் வெளியே தெரிந்தது. காரணத்தை வெளியிட வாரியத்தின் 25ஆம் விதியே தடை விதித்திருந்தது. பாதிக்கப்பட்ட பெண்கள் வழக்குத் தொடுத்தனர். மார்ச் மாதம் உயர் நீதிமன்றம் விடுதலை முடிவையும் ரத்து செய்தது, அந்த விதியையும் சட்ட விரோதம் என்றது. வாரியத் தலைவர் பதவி விலகினார். அதன்பின் பாதிக்கப்பட்டவர்கள் முடிவின் சுருக்கத்தைக் கேட்டுப் பெற வழி செய்யப்பட்டது. பரோல் முறை இடிந்துவிழவில்லை; வாரியம் இன்றும் ஆட்களை விடுவித்துக்கொண்டுதான் இருக்கிறது.

இந்தியாவிலும் பாதி வழி வந்தாயிற்று. 2025 பிப்ரவரி 18 அன்று நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு, கொள்கை வகுத்துள்ள மாநிலங்கள் தகுதியுள்ள கைதியை மனு இல்லாமலே பரிசீலிக்க வேண்டும், முடிவுக்குச் சுருக்கமாகவேனும் காரணம் எழுத வேண்டும், அதைக் கைதிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் பிரியதர்ஷினி மட்டூ கொலை வழக்கின் கைதிக்கு வாரியம் அளித்த மறுப்பை ரத்து செய்து, தகுதியுள்ள மருத்துவர்களைக் கொண்டு உளவியல் மதிப்பீடு செய்யச் சொன்னது. அந்தக் கொலையின் கொடுமையை மறந்து நீதிமன்றம் இப்படிச் சொல்லவில்லை. மனிதர் மாறினாரா என்று கண்டறியத் தெரிந்தவரைக் கேட்காமலே மாறவில்லை என்று எழுதிவிட்டது வாரியம், குறை அதில்தான்.

மிச்சமிருக்கும் பாதி கடினமானது. குழுவிலிருந்து கட்சிக்காரர்கள் வெளியேற வேண்டும். உளவியலாளர் உள்ளே வர வேண்டும். முடிவும் காரணமும் பொதுவில் வைக்கப்பட வேண்டும், விடுத்தாலும் மறுத்தாலும். பாதிக்கப்பட்டவருக்கு முன்னறிவிப்பு வேண்டும். இக்கடைசிக் கோரிக்கையைத் தடை அதிகாரம் என்று புரிந்துகொள்ளத் தேவையில்லை. கைதியின் விடுதலை அவருடைய மன்னிப்பைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது, அந்தச் சுமையை எந்தப் பாதிக்கப்பட்டவர் மீதும் ஏற்றக் கூடாது. ஆனால் அதே ஊரில் வாழ வேண்டியவருக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இத்தனை பெரிய முடிவுக்கு முன் தன் பாதுகாப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்றுதான் பில்கிஸ் பானு 2022இல் சொன்னார்.

2024 ஜனவரி 8 அன்று நீதிபதிகள் நாகரத்னா, உஜ்ஜல் புயான் அமர்வு அந்த விடுதலையை ரத்து செய்தது. தண்டனை விதிக்கப்பட்டது மும்பையில். ஆகவே முடிவெடுக்கும் அதிகாரம் மகாராஷ்டிர அரசுக்கே உண்டு, குஜராத்துக்கு இல்லை என்பதே தீர்ப்பின் அச்சாணி. பதினொருவரும் ஜனவரி 21 நள்ளிரவுக்குள் சிறைக்குத் திரும்பினர். அவர்களும் கைதிகள்தாம், பரிசீலிக்கப்படும் உரிமை அவர்களுக்கும் உண்டு. என்றாவது ஒரு நாள் அந்த மனுக்கள் மகாராஷ்டிர அரசின் மேசைக்கு வரும். அப்போதும் 473ஆம் பிரிவு, மாறாமல் இருந்தால், தண்டனை விதித்த நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கச் சொல்லும். பில்கிஸ் பானுவுக்கு ஒரு வரி எழுதிப்போடச் சொல்லாது.